அமாவாசை லீவும் மூர் மார்க்கெட்டும்

சனி, ஞாயிறு பட்டணத்துக்குப் போவது. பழைய புத்தகக் கடையில் ரெண்டு மணி நேரம் குனிந்து தேடுவது. ஓட்டலில் நிதானமாகச் சாப்பிடுவது. சாயங்காலம் பீச்சில் காத்து வாங்குவது. இதையெல்லாம் சரித்திரம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் இதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் புத்தகமும் சாப்பாடும் பிறகு வருகிறவை. முதலில் ஒரு முழு நாள் கையில் இருக்கவேண்டும். அந்த நாள் யாருக்கு, எந்தக் கிழமையில் கிடைத்தது என்று ஐயம்பேட்டையிலிருந்து பார்த்தால் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி வருகிறது.

ஐயம்பேட்டை என்றதும் தஞ்சாவூர்க்காரர்கள் தங்கள் ஊரை நினைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், முத்தியால்பேட்டையை ஒட்டி இருக்கிற ஐயம்பேட்டை. தறி ஊர். காஞ்சிப் பட்டு என்று கடையில் விற்பதெல்லாம் காஞ்சிபுரம் நகரத்துக்குள்ளேயே நெய்ததில்லை, இந்த மாதிரி சுற்றுப்பட்டு ஊர்களின் குழித்தறிகளிலும் நெய்ததுதான் என்பது நெசவு தெரிந்தவர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. இந்த ஊரைப் பற்றிச் சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகளில் கோயில் உண்டு, கூலி உண்டு, சங்கம் உண்டு. இந்தத் தடவை லீவைப் பற்றி மட்டும்.

நெசவுக்காரர்களுக்கு லீவு என்றால் அமாவாசை. தச்சர், கொல்லர், பொற்கொல்லர், கொத்தனார் என்று தமிழ்நாட்டில் கைத்தொழில் செய்கிற பலருக்கும் அதே வழக்கம்தான். அன்று கருவியைத் தொடுவதில்லை, தறியில் உட்காருவதில்லை. இது கும்பினிச் சட்டத்தில் வந்ததும் இல்லை, முதலாளி கொடுத்ததும் இல்லை. நிலாவைப் பார்த்து ஊரே வைத்துக்கொண்ட லீவு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாளில் பாதி பித்ருக்களுக்குப் போய்விடும். காலையில் குளித்து, தர்ப்பணமோ படையலோ முடித்து, காக்காய்க்குச் சோறு வைத்து, அப்புறம்தான் வீட்டில் சாப்பாடு. கொஞ்சம் நேரம் மிஞ்சினால் தறியின் சின்னச் சின்ன ரிப்பேர், சேலை கொடுத்த இடத்தில் கணக்கு, கல்யாணப் பேச்சு. காலை 6 மணிக்கு ரயிலேறிப் பட்டணம் போகிற நாளாக அது அமையாது. ஊரை விட்டுப் போக ஒரு நாள் வேண்டுமென்றால் இன்னொரு வேலைநாளைத்தான் விடவேண்டும். சேலைக்கு இத்தனை என்று கூலி வாங்குகிறவனுக்கு, விட்ட நாளின் கூலி அவன் மடியிலிருந்தே போகும்.

மழைக்காலத்தில் வேலை நிற்குமே, அது லீவு இல்லையா என்று கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறிக்குள் ஈரம் ஏறும், தெருவில் பாவு விரிக்க முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கும் நாட்கள்தான். அதைப் பட்டணம் பார்க்கிற லீவு என்று எந்த நெசவாளியிடமும் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

இனி ஞாயிற்றுக்கிழமை. ஐயம்பேட்டைக்குப் பக்கத்திலேயே அதை முதலில் முறையாக அனுசரித்தவர்கள் அநேகமாக வாலாஜாபாத் பட்டாளத்துக்காரர்களாக இருப்பார்கள் என்பது என் ஊகம். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய அந்த ஊரில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கும்பினிப் படை முகாம் போட்டிருந்தது. வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி என்ற பெயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் இந்திய ராணுவத்தில் ஒரு படைப்பிரிவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு ஞாயிறு என்றால் சர்ச் பரேடு. பக்கத்து ஊர்த் தறிகளுக்கு அது சாதாரண ஒரு கிழமை.

தொழிலாளிக்கு ஞாயிறு தானாக வந்துவிடவில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே 1880களில் மில் தொழிலாளர்களைக் கூட்டி வார விடுமுறை கேட்டு மனு மேல் மனு போட்டார். 1890இல்தான் மில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். அடுத்த வருஷம், 1891 தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை ஏறியது. சென்னையில் அதற்குள் பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் வந்துவிட்டன. ஆக அங்கே விசைத்தறியில் துணி நெய்தவனுக்கு ஞாயிறு கிடைத்தது. ஐயம்பேட்டையில் கைத்தறியில் துணி நெய்தவனுக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவன் வீடு ஃபாக்டரி இல்லை. 1942இல் வார விடுமுறைச் சட்டம், 1947இல் சென்னை மாகாணத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம், 1948இல் புதிய தொழிற்சாலைச் சட்டம் என்று வரிசையாக வந்தன. கடைச் சிப்பந்திக்கு லீவு, குமாஸ்தாவுக்கு லீவு, ஓட்டல் சர்வருக்கும் முறை வைத்து லீவு. வீட்டுத் தறி மட்டும் எல்லா வேலிக்கும் வெளியே நின்றது. அதற்கு அமாவாசைதான்.

வருஷத்துக்கு 12 அமாவாசை, சில வருஷம் 13. அதில் ஞாயிற்றுக்கிழமையில் விழுவது சராசரியாக ரெண்டுகூட வராது. அதாவது ஊருக்கும் பட்டணத்துக்கும் ஒரே நாளில் லீவு என்பது வருஷத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் ரெண்டு தடவை. அதிலும் ஒன்று ஆடி அமாவாசையாக அமைந்துவிட்டால் அவ்வளவுதான், 2024இல் ஆகஸ்ட் 4 ஞாயிறு அப்படித்தான் போனது. அன்று குளக்கரையை விட்டு எங்கே போவது?

பெரியவர்களுக்கு இது ஒரு சங்கடம். பிள்ளைகளுக்கு இதைவிட மோசம், இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

காஞ்சிப் பட்டில் கோர்வை என்று ஒரு வேலை உண்டு. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், ரெண்டும் சேருகிற இடத்தில் இழையோடு இழை பின்னிக் கோர்ப்பது. சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெருமையாகச் சொல்வார்கள். இதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்கிறவர் ஒரு பக்கம் பார்த்தால், மறுபக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ளிக் கோர்க்க இன்னொரு ஆள் பக்கத்தில் உட்காரவேண்டும். அந்த இன்னொரு ஆள் பல தலைமுறையாக ஒரு சின்னப் பையன் அல்லது பெண் பிள்ளை. சொந்தப் பிள்ளை இல்லாவிட்டால் முன்பணம் கொடுத்து அமர்த்திய பக்கத்து வீட்டுப் பிள்ளை. காஞ்சிபுரம் வட்டாரத் தறிகளில் குழந்தைத் தொழிலாளர் என்று 1990களில் பத்திரிகைகளில் அடிபட்டதும், அதிகாரிகள் வீடு வீடாகப் போனதும் இதனால்தான்.

பள்ளிக்கூடம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு ஞாயிறு, பிறகு சனியும். தறிக்கு லீவு அமாவாசை. அமாவாசை செவ்வாய்க்கிழமையில் வந்தால் அன்று பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் லீவு, ஆனால் தறி ஓடும். ரெண்டு நாள்காட்டிக்கு நடுவே பிள்ளைக்கு ஒரு நாளும் மிச்சமில்லை. வயதான நெசவாளர் ஒருவரிடம் சின்ன வயசு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிக் கேட்டேன். "ஞாயித்துக்கிழமைன்னா இன்னா தம்பி? பள்ளிக்கூடப் புள்ளைங்க வூட்ல இருக்கிற நாள். கூட ரெண்டு கை கிடைக்கிற நாள். அன்னிக்குத்தான் வேலை ஓடும்" என்றார். கோபமோ வருத்தமோ இல்லாமல், கூலிக் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

சட்டமும் ஏறக்குறைய அவர் பேசியதையே பேசுகிறது. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில், குடும்பத்தாரைக் கொண்டு நடத்தும் பட்டறைகளுக்கு விலக்கு இருந்தது. 2016இல் திருத்தினார்கள். அபாயகரம் என்று பட்டியலில் வராத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம், ஆனால் பள்ளி நேரம் முடிந்த பிறகு, அல்லது விடுமுறை நாட்களில் என்று வாசகம். படிப்பு கெடக்கூடாது என்பது நோக்கம், அது புரிகிறது. ஆனால் அந்த வரியில் பிள்ளையின் லீவு எதற்காக இருக்கிறது என்று பாருங்க.

சரி, அப்படியும் போனவர்கள் போனார்கள். எப்படிப் போனார்கள், எதைப் பார்த்தார்கள்?

ரயில் சீக்கிரமே வந்த வட்டாரம் இது. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865இலேயே பாதை போட்டுவிட்டார்கள். இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற பெயரில், மூன்றரை அடி அகலத்தில் ஒரு சின்ன ரயில். பிறகு அது மீட்டர் கேஜ் ஆனது, வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு வரை நீண்டது. ஐயம்பேட்டைக்காரர்கள் வாலாஜாபாத்திலோ காஞ்சிபுரத்திலோ ஏறினால் செங்கல்பட்டு மாறி எழும்பூர். இப்போது நாம் பார்க்கிற எழும்பூர் நிலையக் கட்டடம் 1908இல் திறந்தது.

எழும்பூரில் இறங்கியவருக்குப் பட்டணம் பார்ப்பது நடை தூரத்திலேயே ஆரம்பித்துவிடும். ஊரில் சொல்லும் பேர் செத்த காலேஜ். மியூசியம்தான். அதற்கு ஜோடி உயிர் காலேஜ், மிருகக்காட்சி சாலை. எதற்குக் காலேஜ் என்று பேர் வந்தது என்று நான் ரொம்ப நாள் யோசித்ததுண்டு. 1851இல் மியூசியம் தொடங்கியது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில், இன்றைய காலேஜ் ரோட்டில். சில வருஷத்தில் பாந்தியன் வளாகத்துக்கு மாறிவிட்டது, ஆனால் காலேஜ் என்ற பேர் மாறவில்லை. மியூசியத்தை நடத்திய எட்வர்ட் பால்ஃபர் 1855இல் அங்கேயே உயிருள்ள மிருகங்களையும் சேர்க்க, அது உயிர் காலேஜ் ஆனது. 1860களில் சென்ட்ரலுக்குப் பக்கத்திலிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மிருகங்கள் போனபோது, காலேஜும் கூடவே போனது. பள்ளிக்கூடமே பார்க்காதவர்கள் ஒரே நாளில் ரெண்டு காலேஜ் பார்த்துவிட்டு வந்த கதை இதுதான்.

செத்த காலேஜை ஒட்டியே கன்னிமரா நூலகம், 1896. அதற்குள் எத்தனை நெசவாளிகள் நுழைந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். வெளியே நின்று சிவப்புக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். அங்கிருந்து சென்ட்ரல் பக்கம் நடந்தால் பீப்பிள்ஸ் பார்க், உயிர் காலேஜ், விக்டோரியா பப்ளிக் ஹால். எல்லாவற்றுக்கும் நடுவில் மூர் மார்க்கெட்.

பிராட்வேயில் இருந்த பழைய பாப்ஹாம் மார்க்கெட் நெரிசலும் நாற்றமுமாகிவிட்டது என்று சென்னை மாநகராட்சி புதிதாகக் கட்டியது மூர் மார்க்கெட். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் பெயர். 1898இல் அடிக்கல், 1900இல் திறப்பு. செங்கல் சிவப்பு, வளைவுகள், நடுவில் முற்றம். கட்டியது காய்கறி, மாமிசம், சில்லறைச் சாமான்களுக்காக. புத்தகம் அங்கே எப்படி வந்து தங்கியது என்பதற்கு ஒரு காரணம் மட்டும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே ரயில், எதிரே மருத்துவக் கல்லூரி, கொஞ்ச தூரத்தில் பார்க் டவுனும் அச்சாபீஸ்களும். ஊரை விட்டுப் போகிற துரை விற்றுவிட்டுப் போகிற நூலகம், பாஸான மாணவன் கழிக்கும் பாடப்புத்தகம், செத்துப்போன வக்கீல் வீட்டு அலமாரி எல்லாம் வந்து விழ வாகான இடம். கிராமபோன் தட்டு, பழைய மேஜை நாற்காலி, புறா, கிளி, முயல் எல்லாவற்றோடும் சேர்ந்து புத்தகம்.

மூர் மார்க்கெட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே கிடைத்த அபூர்வப் பதிப்புகளைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். எனக்கு அந்தப் பெருமூச்சில் முழு ஒப்புதல் இல்லை. அபூர்வப் பதிப்பு சிலருக்கு. ஊரிலிருந்து வந்தவர்களில் நிறையப் பேர் தேடி வந்தது பாடப்புத்தகம், அதுவும் பாதி விலையில். நோட்ஸ், அகராதி, கணக்கு வாய்பாடு, முன்னால் படித்தவன் பென்சிலால் அடிக்கோடு போட்ட சயன்ஸ் புத்தகம். தறிக் கூலியில் பிள்ளையைப் பத்தாவது வரைக்கும் கொண்டுபோகப் பார்த்த வீட்டுக்கு ஜூன் மாதம் பெரிய மாதம்.

அதோடு குஜிலி புத்தகங்கள். மூர் மார்க்கெட்டிலிருந்து எட்டி நடந்தால் பார்க் டவுன் குஜிலி பஜார், ஈவினிங் பஜார் என்பார்களே அதுதான். ஓரணா, அரையணாவுக்குக் கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு. இவற்றின் உலகத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இன்னொரு பக்கம் கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் போட்ட பெரிய எழுத்துப் புத்தகங்கள்: நல்லதங்காள், அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை. பெரிய எழுத்து என்பது அலங்காரத்துக்கு வைத்த பேர் இல்லை. சிமினி விளக்கில், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் கண் மங்கியவருக்கும் தெரியவேண்டும். படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் சத்தமாகப் படித்தால் பத்துப் பேர் கேட்கலாம். ஒரு புத்தகம் ஒரு தெருவுக்குப் போதும்.

பட்டணத்தில் ஒரு நாள் என்றால் சாப்பாட்டுக் கேள்வி வரும். கட்டுச்சோறுதான் முதல் பதில். புளியோதரை, காஞ்சிபுரம் இட்லி. வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து வேகவைக்கும் அந்த இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் சேரும். ஒரு நாள், ரெண்டு நாள் வைத்தாலும் ஊசாது. பயணத்துக்கென்றே செய்தது போல இருக்கும். உடுப்பிக்காரர்கள் வந்த பிறகுதான் ஓட்டல் சாப்பாடு எல்லா ஜாதிக்காரர்களும் சேர்ந்து உட்காரும் சங்கதியாக மெல்ல மாறியது, அதுவும் சண்டையில்லாமல் நடக்கவில்லை. கே. கிருஷ்ண ராவ் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் தொடங்கியது 1938. திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948, சாம்பாரில் இட்லி மிதக்கவேண்டும் என்று பட்டணத்துக்குப் பழக்கிவிட்ட இடம். மவுண்ட் ரோடு புகாரி 1951. அமாவாசையன்று வந்தவருக்குப் புகாரி பிரியாணி வாசனை மட்டும்தான், உள்ளே போகமுடியாது. லீவு நாளே சைவ நாளாகவும் இருப்பதில் இப்படி ஒரு தொல்லை.

சாப்பிட்ட பிறகு டிராம். 1895இல் வந்த டிராம் 1953இல் நிற்கிற வரைக்கும், எங்கும் போகாமல் டிராமில் ஏறி இறங்குவதே ஊர்க்காரர்களுக்கு ஒரு வேடிக்கை. மெரினாவில் கிராண்ட் டஃப் 1884இல் போட்டுவைத்த நடைபாதை, 1909இல் திறந்த மீன் காட்சி சாலை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மீன் காட்சி சாலையை மூடிவிட்டார்கள்.

இத்தனையையும் பிள்ளைகளோடு பார்க்க எந்த நாள்? அமாவாசைக்குப் பள்ளிக்கூடம் தடை, ஞாயிற்றுக்குத் தறி தடை. மூன்றும் ஒத்துப்போன நாள் பொங்கல்தான். பொங்கலுக்குத் தறி நிற்கும், பள்ளிக்கூடம் நிற்கும், பட்டணத்து ஆபீஸும் நிற்கும். ஐயம்பேட்டையில் மாட்டுப் பொங்கலன்று ஊரை விட்டு நகர முடியாது. அன்று காஞ்சிபுரத்திலிருந்து வரதராஜப் பெருமாள் பழையசீவரத்துக்குப் பார்வேட்டை போகிறார். முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை, வாலாஜாபாத் என்று இந்தச் சாலை வழியாகத்தான் போகவேண்டும். பாலாற்றங்கரை மலைக்கோயிலில் இருந்துவிட்டுத் திரும்புவார். சாமியே வருஷத்துக்கு ஒரு தடவை வெளியூர் பார்த்துவிட்டு வரும் நாள் என்று நான் எடுத்துக்கொள்வேன், வைணவர்கள் கோபிக்கவேண்டாம்.

மறுநாள் காணும் பொங்கல். பேரே காணும் பொங்கல், கண்டு வருவதற்கென்றே ஒரு நாள். சுற்று வட்டாரமெல்லாம் பட்டணத்தில் குவியும். செத்த காலேஜிலும் உயிர் காலேஜிலும் கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாள் வருகிற பார்வையாளர் எண்ணிக்கையோடு ஒப்பிட முடியாத கூட்டம் என்று அந்தக் காலத்து மியூசியம் அதிகாரிகளே வியந்திருக்கிறார்கள். படித்தவர்கள் இதைக் கும்பல், குப்பை என்று முகம் சுளிப்பது இன்றும் நடக்கிறது, மறுநாள் பேப்பரில் மெரினா குப்பை டன் கணக்கில் வரும். வருஷத்தில் 52 வார இறுதி இருப்பவர்கள், ஒரே ஒரு நாள் இருப்பவர்களைப் பார்த்துச் சுளிக்கும் முகம் அது.

சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் மவுண்ட் ரோடு மதரசா-இ-ஆஸம் பள்ளியில் சின்னதாகத் தொடங்கி, பிறகு பொங்கலை ஒட்டிய திருவிழாவாக ஆனது. வியாபாரக் கணக்கில் அமைந்த தேதியாக இருக்கலாம். எப்படியானாலும் தறி ஊர்க்காரர் ஒருவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகக்கூடிய ஒரே வாரத்தில் புத்தகக் கடைகள் ஒரே கூரைக்குக் கீழ் வந்து சேர்ந்தன.

மூர் மார்க்கெட் 1985 மே 30ஆம் தேதி எரிந்தது. அந்த இடத்தை ரயில்வே புறநகர் நிலையத்துக்காகக் கேட்டிருந்தது, கடைக்காரர்கள் போகமாட்டோம் என்று நின்றிருந்தார்கள். எப்படிப் பற்றியது என்று அன்றிலிருந்து ஆளுக்கொன்று சொல்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. தேதியை மட்டும் பாருங்க. பள்ளிக்கூடம் திறக்க சில நாள்தான் இருந்தது. கடைகளில் அடுக்கியிருந்த சரக்கில் எத்தனை அடுக்கு பாடப்புத்தகமாக இருந்திருக்கும் என்று யோசித்தால் போதும். அதே 1985இல்தான் வண்டலூரில் புது மிருகக்காட்சி சாலையும் திறந்தது, உயிர் காலேஜ் ஊருக்கு வெளியே போய்விட்டது. எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவில் ஒரே நடையில் முடிந்துகொண்டிருந்த அந்த நாள் அந்த வருஷத்தோடு சிதறியது.

பிறகு அங்கே எழுந்த ரயில் நிலையத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றே பேர். வெளியே பழைய கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்றும் வைத்திருக்கிறார்கள், தினமும் லட்சம் பேர் பார்க்காமல் தாண்டிப் போவார்கள். புத்தகக்காரர்கள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். இன்றும் கடைகள் உண்டு, போட்டித் தேர்வு கைடும் மெடிக்கல், இன்ஜினியரிங் புத்தகமும் அதிகம். 2002இல் வெளியூர் பஸ்கள் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறின. அதுவரை காஞ்சிபுரம் பஸ்ஸில் வந்து இறங்கினால் கூப்பிடு தூரத்தில் இருந்த சென்ட்ரல் வட்டாரம், இன்னொரு பஸ் பிடித்துப் போகவேண்டிய இடமாயிற்று.

டில்லி தரியாகஞ்சில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைப் புத்தகச் சந்தை உண்டானதற்கே காரணம், அன்று கடைகள் மூடியிருந்ததுதான். படிக்கட்டெல்லாம் காலி, அதில் புத்தகத்தைப் பரப்பினார்கள். 2019இல் அவர்களை அங்கிருந்து கிளப்பி மகிளா ஹாட்டுக்கு அனுப்பினார்கள். நம்ம ஊர் 1947 சட்டமும் வாரம் ஒரு நாள் கடையை மூடு என்றுதான் சொன்னது. அதே 2019இல் தமிழ்நாட்டு அரசு, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகள் எல்லா நாளும் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று உத்தரவு போட்டது, சிப்பந்திகளுக்கு முறை வைத்து லீவு விடவேண்டும் என்ற நிபந்தனையோடு. பொதுவாக எல்லோருக்கும் ஒரே கிழமை லீவு என்ற 19ஆம் நூற்றாண்டு ஏற்பாடு நகரத்திலேயே கரைய ஆரம்பித்திருக்கிறது.

ஐயம்பேட்டைக்கு ஞாயிறு வந்துசேர்ந்தது அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், ஃபாக்டரி பஸ்ஸில். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ஃபாக்டரிகள் வாலாஜாபாத் பக்கம் நெருங்கி வந்தன. தறிக்காரர் வீட்டுப் பையன்கள் கோர்வைக்கு உட்காருவதை விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனார்கள். மாதச் சம்பளம், வார லீவு. ஆனால் ஷிப்டு ஆளுக்கு அந்த லீவு எல்லா வாரமும் ஞாயிறாக இருக்காது. ஒருத்தனுக்குப் புதன், இன்னொருத்தனுக்கு வெள்ளி. வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தவன் எழும்பூர் போனால் செத்த காலேஜ் மூடியிருக்கும், அன்றுதான் அவர்களுக்கு வார விடுமுறை.

அதே வீட்டில் அப்பாவின் தறி இன்னும் அமாவாசைக்கு நிற்கிறது. அவருக்குத் துணைக்கு உட்காருவது இப்போது அநேகமாக அம்மா.